கச்சான் அடித்தால் அறுந்துபோகும் இணைப்பு

பஸ்மியாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. கை வேகம்தான் கூடும். அந்த ஜூன் மாதம் முழுவதும் கிண்ணியாவில் அவள் வீட்டுக் குசினியில் பாத்திரங்கள் இடிபட்டுக்கொண்டே இருந்தன.

தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு, வீட்டிலிருந்தபடியே தோஹாவில் உள்ள ஒரு கட்டட நிறுவனத்துக்கு பிளான் கீறி அனுப்புகிறவள் அவள். கணவன் ஜவாஹிர் துறைமுகத்தில் இரவு வேலையாகக் கிரேன் ஓட்டுகிறவர். கொஞ்ச நாளாக மத்தியானமானால் வீட்டு இணையம் அறுந்தது. பாதி போன பிளான் அப்படியே நின்றுவிடும். இணையக் கம்பனிக்கு அழைத்தால் ஒவ்வொரு தடவையும் வேறு குரல், அதே பேச்சு.

"ரவுட்டர ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்க மெடம்."

"நேத்தும் அதத்தான் சொன்னீங்க. முந்தநாளும் அதத்தான் சொன்னீங்க."

கடைசியில் லைன் பார்க்கும் யோகலிங்கம் ஒரு காலையில் வந்தார். காலையில் இணையம் நன்றாகவே ஓடியது. அவள் சொல்லத் தொடங்கியதுமே அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையா தங்கச்சி?"

உள்ளறையிலிருந்து ஜவாஹிர் வந்தார். அவரிடம் யோகலிங்கம், "லைன்ல ஒரு பிழையும் இல்ல சேர். கொம்பியூட்டர்லதான் பிரச்சின. கண்டதையும் இறக்கி வச்சிருப்பாங்க. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போடச் சொல்லுங்க" என்றார்.

அவர் போனதும் ஜவாஹிர், "லைன்காரன் பொய்யா சொல்லப் போறான்? உனக்கும் எந்நேரமும் அதுக்குள்ளதான் தல" என்றார்.

அந்தச் சொல் அவளைச் சுட்டது. இருந்தும் கணினியை முழுவதும் அழித்து, எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினாள். அடுத்த நாள் மத்தியானம் ஒரு மாடி வீட்டின் பிளான் தோஹாவுக்குப் போய்ச் சேர வேண்டும். போகவில்லை. அந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டதாகக் கைப்பேசிக்குச் செய்தி வந்தது.

பஸ்மியா கணினியின் பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். கதிரையை இழுத்து ரவுட்டருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். வெளியே தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தென்னைகளைப் பிடித்து உலுப்பியது. காற்று ஓங்கி அடித்தபோது ரவுட்டரின் பச்சை விளக்கு சிவந்தது. தணிந்தபோது பச்சைக்குத் திரும்பியது. அதே கம்பியில் வரும் வீட்டுத் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தாள். உள்ளே மணலை வறுப்பதுபோல் கரகரத்தது.

"இஞ்ச வாங்க," என்று கணவனை அழைத்து ரிசீவரை அவர் காதில் அழுத்தினாள். "கேளுங்க."

"இரையுது."

"லைட்டயும் பாருங்க. கொம்பியூட்டர் பிளக் நிலத்தில கிடக்குது. இப்பச் சொல்லுங்க, நான் என்னத்த இறக்கினனான்?"

ஜவாஹிர் ஏணியை எடுத்து வந்தார். அவர் அடியில் பிடிக்க, அவளே ஏறினாள். கூரை விளிம்பின் கீழ், வெளிக் கம்பியும் வீட்டுக் கம்பியும் சேரும் இடத்தில் முறுக்கிய முனைகள் களிம்பேறித் தளர்ந்திருந்தன. மேலே கிழிந்த ஷொப்பிங் பேக் ஒன்று சுற்றியிருந்தது. காற்று கம்பியை ஆட்ட, மூட்டு விட்டு விட்டுச் சேர்ந்தது. அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் படத்தோடு கம்பனி அலுவலகத்துக்கே போனாள். காலையில் ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். "மத்தியானம் அனுப்புங்க, காத்து அடிக்கிற நேரம்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் சம்மதிக்கும்வரை அங்கேயே நின்றாள்.

யோகலிங்கம்தான் வந்தார். பழைய மூட்டு முழுவதையும் வெட்டிப் புதிதாகப் போட்டார். இறங்கி வந்து ஜவாஹிரைப் பார்த்து, "இனிப் பிரச்சின வராது சேர்" என்றார்.

"அண்ணன்," என்றாள் பஸ்மியா. "லைன் என்ட பேர்ல இருக்குது. சொல்றத என்னட்டச் சொல்லுங்க. உங்கட கதயக் கேட்டு எல்லாத்தையும் அழிச்சதும் நான்தான்."

அவர் முகம் கறுத்தது. "அண்டைக்கு மேல ஏறிப் பாத்திருக்கோணும் தங்கச்சி. பாக்காமப் போனது பிழைதான்."

"இருங்க. அடுத்த காத்தும் அடிக்கட்டும்."

மூன்று பேரும் விளக்கையே பார்த்திருந்தார்கள். காற்று வந்தது, தென்னோலைகள் கூரையில் அடித்தன. பச்சை மாறவில்லை. அதன் பிறகுதான் அவரைப் போகவிட்டாள்.

கைவிட்டுப் போன மாடி வீடு திரும்பி வரவில்லை. சில நாட்கள் கழித்து தோஹாவிலிருந்து ஒரு சுற்றுமதில் வேலை வந்தது. அவள் அதைக் கீறிக்கொண்டிருந்தபோது ஜவாஹிர் தேத்தண்ணி கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"நானும் பிழ விட்டுட்டன்," என்றார்.

"ஓம், விட்டீங்கதான்," என்றாள் பஸ்மியா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.