கடல் தண்ணியில் வந்த ஆடு

பஸ் கிளம்பிப் போயிருச்சு. ஐஸ் பெட்டி அதுக்குள்ள.

கடல் தண்ணியை வடிகட்டி, மீன் உதிர்த்த செதில், வழவழப்பை வச்சு அங்க என்னென்ன மீன் நீந்துச்சுன்னு கண்டுபிடிக்கிற லேப்ல எனக்கு வேலை. கடற்கரை ஊர்கள்ல மீனவங்களே தண்ணி பிடிச்சு பஸ்ல ஏத்திவிடுவாங்க. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல இறக்குறது நான். மதுரையில ஏது கடல்னு கேக்காதீங்க. நானும் கேட்டேன், பெட்டியைத் தூக்கச் சொன்னாங்க. பன்னெண்டாவதோட படிப்பை விட்டுட்டு, கிடைச்ச வேலையில மாட்டுனவங்களுக்கு என் பாடு புரியும்.

ஓடிப்போன பெட்டி

ஆட்டோவுல விரட்டி ஆரப்பாளையத்துல பஸ்ஸை மடக்குனேன். கண்டக்டர் பெட்டியைத் திறந்து பாத்துட்டு உச்சுக்கொட்டுனார். "பூராம் தண்ணிதான் தம்பி, ஒரு மீனு இல்ல. உன்னை எவனோ நல்லா ஏமாத்திட்டான்."

காலி பாட்டில்

லேப்ல இருந்து ஒரு பாட்டில் சுத்தமான தண்ணியும் கரைக்குப் போயி, கடல் தண்ணியோட திரும்பி வரணும். அதுல மீன் தடயம் தென்பட்டா வேலையில அழுக்கு சேர்ந்திருக்குன்னு அர்த்தம். எங்களுக்குத் தண்ணி பிடிக்கிற மீனவர் சேவியர் அண்ணே அனுப்புனதுல அந்தப் பாட்டில் காலி. 'குடிக்கக் கூடாது'ன்னு நான் எழுதி ஒட்டலையாம். "இன்னொரு தப்பு வந்தா வீட்டுக்குப் போயிரு"ன்னு லேப் மேடம் சொல்லிட்டாங்க. அண்ணனுக்குப் போன் போட்டுக் கத்துனேன். "உப்புத் தண்ணி நாலு பாட்டில், நல்ல தண்ணி ஒண்ணு. அடிக்கிற வெயிலுக்கு நான் எதைக் குடிக்க?"

அந்த இன்னொரு தப்பு

ரிப்போர்ட் வந்துச்சு. சாளை, பாறை, ஊளின்னு மீனுங்க, அடுத்து ஆடு.

எனக்கு உடனே தெரிஞ்சுபோச்சு. வடிகட்டுன அன்னிக்கு மத்தியானம் சீனியர் முருகேசண்ணே சாப்பாட்டுப் பார்சல்ல கை வச்சவன், கிளவுஸ் போடாம அதே கையால வடிகட்டியை எடுத்துட்டேன். முருகேசண்ணே காதைக் கடிச்சார்: "மாப்ள, பாட்டில் கரையிலேயே அழுக்குன்னு சொல்லிரு. வேலை தப்பிக்கும்."

மேடம் சேவியர் அண்ணனை ஸ்பீக்கர்ல போட்டாங்க. "நாலு தடவை கழுவுனேனேம்மா... எங்க கரையில தண்ணி எடுக்குறதை விட்டுருவீங்களா?"ன்னு அவர் குரல் இறங்கிருச்சு. அலையில தோணி ஆட ஆடத் தண்ணி பிடிக்கிற மனுசன். எனக்குப் பொறுக்கலை.

"மேடம், பாட்டில் சுத்தம். என் கைதான். மட்டன் சுக்கா."

முருகேசண்ணே சுவரைப் பாத்தார். மேடம் கண்ணை மூடிக்கிட்டாங்க. போன்ல மட்டும் சிரிப்பு: "நல்லவேளை தம்பி, நாளைக்கு வலைக்குப் பதிலா ஆடு பிடிக்கக் கயிறு கொண்டு போகணுமோன்னு பாத்தேன்!"

முருகேசண்ணே ஒரே ஒரு பொய் சொல்லச் சொன்னார், அதைக்கூட ஒழுங்காச் செய்யாததால, இப்ப வீட்டுக்கும் அனுப்பாம, வடிகட்டிப் பக்கமும் விடாம பெட்டி மட்டும் தூக்க வச்சிருக்காங்க.