தியாம் உட்காராத இருக்கை

தைவானின் தைனான் நகரில் விடிவதற்குள் மீன் ஏலக் கூடத்துக்கும் கஞ்சிக் கடைகளுக்கும் நடுவே ஓடிப் பிழைக்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் தியாமுக்குத்தான் வாய் நீளம். வயது ஐம்பத்திரண்டு. பால்கெண்டை மீனை ஐஸ் போட்ட பெட்டிகளில் அடுக்கி, காலடியில் ஒன்று, பின்னால் இரண்டு என்று தன் குட்டி ஸ்கூட்டரில் ஏற்றி, ஒன்பது கடைகளுக்குப் போடுவான். கடைசிக் கடையில் கடைசிப் பெட்டியை இறக்கியதும், மீன்காரன் போய் மூத்த மகன் வந்துவிடுவான். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு எலும்பு வைத்தியரிடம் போக வேண்டும். அம்மாவுக்கு எழுபத்துநாலு வயது, இடுப்பு எலும்பில் தேய்மானம்.

இதில் அவனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. கஞ்சிக் கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் போதும், ஆரம்பித்துவிடுவான்.

"தம்பி வெளியூர்ல, தாய்ச்சுங்ல வேலைங்கறான். வாரத்துக்கு ஒருநாள் மூஞ்சி காட்டறான். பெத்தவள சுமக்கறது யாரு? நான்தான். ரோட்டுல சாக்கடை மூடி வந்தா போதும், என் ரெண்டு தோளையும் கெட்டியா பிடிச்சுக்கும் எங்கம்மா. இந்த வயசுல அதுக்கு என்னை விட்டா யாரு இருக்கா?"

கேட்கிறவர்கள் கஞ்சியை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டுவார்கள். வேறென்ன செய்வது.

ஒருமுறை அம்மா சின்ன மெத்தை ஒன்றை மடித்துப் பின் இருக்கையில் போட்டுக்கொண்டாள். தியாம் சிரித்துவிட்டான். "இது என்னம்மா, பல்லக்கா? தெருவே பாக்குது, எடு." அவள் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

போன குளிர்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவன் கீழே ஹார்ன் அடித்தபோது அம்மா ஜன்னலில் இருந்து சொன்னாள். "நீ போய்ப் படுடா. நான் சியோக்கிம்கூடப் போயிக்கறேன்."

சியோக்கிம் தம்பியின் மனைவி. அம்மா இருக்கும் அதே வீட்டில் கீழ்த்தளம். துணி தைத்துத் திருத்தும் கடையில் வேலை. அவளிடம் இருந்தது பதினோரு வருஷத்துப் பழைய ஸ்கூட்டர், முன்கூடையைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பாள். அதில் அம்மா ஏறிப் போனதைப் பார்த்துத் தியாமுக்கு வயிறு எரிந்தது.

மீன் நாற்றம்தான் காரணம் என்று அவனாகவே முடிவு கட்டினான். சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினான், எலுமிச்சையைத் தேய்த்தான். அம்மா அவன் மனசுக்காக ஒருநாள் வந்தாள். அடுத்த முறை மறுபடியும் சியோக்கிம்.

"ஏம்மா, இன்னும் நாத்தமா?"

"அதெல்லாம் இல்ல. நீ விடியறதுக்கு முன்னாடிலேர்ந்து ஓடற. கொஞ்சம் கண்ண மூடு."

அவன் கண்ணை மூடவில்லை. அந்த எரிச்சலை மனசுக்குள் போட்டு வளர்த்துக்கொண்டே இருந்தான்.

ஏப்ரலில் கல்லறை துடைக்கும் நாள் வந்தது. அப்பாவின் சமாதியில் புல் செதுக்கிவிட்டு வந்து, சொந்தக்காரர்கள் பதினாலு பேரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மெல்லிசு ரொட்டியில் முட்டைக்கோஸ், பன்றிக்கறி, வேர்க்கடலைப் பொடி என்று அவரவர் அள்ளிவைத்து உருட்டிச் சாப்பிடுவதுதான் அன்றைய வழக்கம். தியாமுக்கு உள்ளே இரண்டு பாட்டில் பியர் போயிருந்தது. சித்தப்பா யதார்த்தமாக, "அம்மாவ இப்பவும் நீதான் வைத்தியருகிட்ட கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டார்.

"எங்க? அதான் சியோக்கிம் இருக்காளே. இன்னிக்கு எங்கம்மாவ ஸ்கூட்டர்ல ஏத்திக்கிட்டா. நாளைக்கு வீட்டுப் பத்திரத்தையும் ஏத்திக்குவா. பாத்துக்கிட்டே இருங்க."

தம்பி எழுந்தான். அம்மா அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். சியோக்கிம் வாயைத் திறந்தாள், அம்மாவைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். கையில் இருந்த ரொட்டியை உருட்டி முடித்து அம்மாவின் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அம்மா யார் வண்டியிலும் ஏறவில்லை. "என்னால யாருக்கும் சண்டை வேணாம்" என்று பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். பஸ் நிறுத்தத்துக்கே அரை மைல் நடக்க வேண்டும். மழை நாளில் குடையை ஊன்றிக்கொண்டு அவள் சாய்ந்து சாய்ந்து நடப்பதைத் தெருவே பார்த்தது. தியாமும் பார்த்தான். கோபம் இன்னும் சியோக்கிம் மேல்தான்.

மூன்று வாரம் கழித்து ஏலக் கூடத்தின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தான். வலது மணிக்கட்டு பணியாரமாக வீங்கிவிட்டது. அவன் மனைவிக்கு ஆலையில் ஷிப்ட், போனைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். கூடத்தில் இருந்தவர்கள் வீட்டு எண்ணுக்குக் கூப்பிட்டார்கள். அவன் வண்டியை வீட்டுக்கு ஓட்டிவர வேண்டுமே என்று பஸ் பிடித்து வந்து நின்றது சியோக்கிம். மீன்பெட்டிகளை வேறொருவன் எடுத்துக்கொண்டு போக, வெறும் ஸ்கூட்டரை அவள் கிளப்பினாள். கணவனுக்கு அண்ணன் என்பதால் அவள் அவனை 'மாமா' என்றுதான் கூப்பிடுவாள்.

"ஏறுங்க, மாமா."

அவ்வளவுதான் சொன்னாள். ஏழு வருஷமாக அவன் வைத்திருக்கும் வண்டி. அன்றுதான் முதல்முறையாக அதில் பின்னால் உட்கார்ந்தான்.

கால்வாய்ப் பாலத்தின் இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கியது. தண்டுவடத்தின் அடியில் ஓர் அடி விழுந்து பல் வரைக்கும் போயிற்று.

"டயர்ல காத்து இல்ல போலிருக்கு" என்றான் தியாம்.

"கல்லாட்டம் இருக்கு, மாமா. லோடு ஏத்தறதுக்குன்னு நீங்கதான் அடிச்சிருப்பீங்க."

அவன்தான் அடித்திருந்தான். மூன்று பெட்டி மீனுக்காக டயரில் காற்றை ஏற்றி, பின்னால் ஸ்பிரிங்கையும் இறுக்கச் சொல்லியிருந்தான். லோடு இருக்கும்போது வண்டி ஜம்மென்று போகும். லோடு இறங்கிவிட்டால் வெறும் பலகை. முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு அது பாதிகூடத் தெரியாது. பின்னால் இருப்பவர் சக்கரத்தின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்து சாக்கடை மூடிகள். எங்கள் ஊர்த் தெருக்களில் ஒவ்வொன்றும் ஒரு சாண் பள்ளத்தில் கிடக்கும். முதல் மூடியில் அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டாவது வருவதைப் பார்த்ததும் இருக்கையை விட்டு உடம்பைக் கொஞ்சம் தூக்கினால் தப்பிக்கலாம் என்று தோன்றியது. தூக்குவதற்கு எதையாவது அழுத்த வேண்டும். எதிரே இருந்தது சியோக்கிமின் தோள்கள் மட்டும். தம்பி மனைவியின் தோளில் எப்படிக் கை வைப்பது?

அந்த இடத்தில்தான் அவனுக்குப் புரிந்தது. அம்மா அவன் தோளைப் பிடித்தது பாசத்தில் இல்லை. தேய்ந்த இடுப்பை அடியிலிருந்து தப்பவைக்கத் தன்னைத்தானே தூக்கிக்கொண்டிருந்தாள். அதைத்தான் அவன் ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தான். தியாமுக்கு அப்படியே இறங்கி எங்காவது போய்விடலாம் போலிருந்தது.

"கொஞ்சம் மெதுவா போறியாம்மா?" என்றான்.

அவள் வேகத்தைக் குறைத்தாள். "அத்தைய ஏத்திட்டுப் போறப்ப நான் இருபதுக்கு மேல போறதில்ல, மாமா" என்றாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. அதுதான் அவனுக்கு இன்னும் வலித்தது.

கட்டுப் போட்டுக்கொண்ட கையோடு நேரே மெக்கானிக் ஹோங்கிடம் போனான். ஹோங் குனிந்து பார்த்தான்.

"ஸ்பிரிங் இறுக்கம் கடைசிப் பல்லுல நிக்குது. நீதான வெக்கச் சொன்ன?"

"தளத்த முடியுமா?"

"ரெண்டு நிமிஷ வேலை. உங்கம்மாகிட்டயும் இதத்தான் சொன்னேன்."

"எங்கம்மாவா? அவங்க எப்ப வந்தாங்க?"

"போன வருஷம். பஸ் ஏறப் போறேன்னு சொல்லிட்டு இங்க வந்து நின்னாங்க. மெத்துனு பண்ணலாமான்னு கேட்டாங்க. பண்ணலாம், ஆனா மீன் லோடு ஏத்தினா வண்டியோட அடி தரையில தட்டும்னேன். அப்ப வேணாம், அது அவன் பொழப்பு, நான் வந்தத அவன்கிட்ட சொல்லாதன்னுட்டுப் போயிட்டாங்க."

"நீ ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பியா?" என்றான் ஹோங், ஸ்பானரைத் துடைத்தபடி.

தியாம் இடது கையை நீட்டினான். அந்த ஸ்பானரையே கேட்டு வாங்கி, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரிந்துகொண்டான்.

நாலு பேர் முன்னால் சொன்ன பழியை நாலு பேர் முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. பாதிப்பேர் அதை மறந்ததாக நடிப்பார்கள். தியாமும் இரண்டு நாள் நடித்துப் பார்த்தான், தூக்கம் வரவில்லை. பிறகு சித்தப்பாவில் தொடங்கி அவனே ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். மே மாதத்து அன்னையர் தின ஞாயிற்றுக்கிழமை அதே பதினாலு பேர், அதே மேசை. பியர் பாட்டிலைத் தொடவில்லை. எழுந்து நின்றான்.

"அன்னிக்கு சியோக்கிமப் பத்தி நான் சொன்னது பொய். என் வண்டி எங்கம்மா இடுப்ப ஒடிச்சிருக்கு. அது எனக்குத் தெரியல. தெரிஞ்சிக்கவும் பாக்கல. மன்னிச்சிரும்மா, சியோக்கிம்."

"அப்ப பத்திரம் யாருகிட்ட இருக்கு?" என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள். சியோக்கிம் மட்டும் சிரிக்கவில்லை.

"அன்னிக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியாம இல்ல, மாமா" என்றாள். "அத்தை கண்ணால வேணாம்னாங்க. உங்க மானம் போயிடும்னு."

தியாம் உட்கார்ந்துவிட்டான். தட்டில் இருந்த ரொட்டியை உருட்டத் தெரியாதவன்போல வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தான்.

கை சரியான பிறகு முதல் செவ்வாய்க்கிழமை, கடைசிக் கடையில் பெட்டியை இறக்கியதும் தெருவோரத்தில் மண்டியிட்டு ஸ்பிரிங்கைத் தளர்த்தினான், டயரில் காற்றைக் குறைத்தான். நாளைக்கு லோடு ஏற்ற மறுபடி இறுக்க வேண்டும். இறுக்கிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்து மெத்தையை அவனே இருக்கையில் போட்டான். அம்மா ஏறிக்கொண்டாள். வண்டி இருபதைத் தாண்டவில்லை. முதல் சாக்கடை மூடி வந்தது. அவன் தோளில் இரண்டு கைகளும் அழுந்தின.

"அம்மா, இப்ப வண்டி தூக்கி அடிக்காதும்மா."

"தெரியுதுடா. கை தானா போகுது."

வைத்தியர் வீடு வரைக்கும் பதினோரு மூடி. தியாம் அன்றுதான் எண்ணினான். பதினோரு தடவையும் அவள் தன்னைத் தூக்கிக்கொண்டாள்.