நோட்டில் விற்ற பங்குகள்

பங்கு வாங்கி விற்பதை நான் நோட்டில்தான் பழகினேன். அரியலூரில் சிமெண்ட் மூட்டை அடுக்கும் ஒப்பந்த வேலை எனக்கு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. கையில் ஒரு லட்சம் இருப்பதாக வைத்துக்கொண்டு ஆறு மாதம் எழுதிப் பாருங்கள் என்று டீக்கடைப் பேப்பரில் போட்டிருந்தார்கள். நான் இரண்டு வருடம் எழுதினேன். நாலு கம்பெனிகள். எந்த விலைக்குக் கீழே போனால் விற்றுவிட வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் முன்பே குறித்திருப்பேன். இறங்கினால் 'விற்றேன்' என்று பென்சிலால் எழுதுவேன். ஒருமுறைகூடத் தயங்கியதில்லை.

2006இல் குன்னத்தில் எங்கள் ஒரு ஏக்கரில் பருத்தி நன்றாக வந்தது. அந்தப் பணம் மகளின் நர்சிங் படிப்புக்கு. ஜூனில் கட்ட வேண்டும்.

"நோட்டுல பெருகுறது நெசத்துல பெருகாதா?" என்று மனைவிதான் கேட்டாள்.

பெரம்பலூரில் ஒரு தரகர் ஆபீசில் கணக்குத் திறந்தேன். நோட்டில் நாலு கம்பெனி வைத்திருந்தவன், நிஜத்தில் ஒரு சிமெண்ட் கம்பெனியிலேயே எல்லாவற்றையும் போட்டேன். எனக்குத் தெரிந்த சரக்கு அது ஒன்றுதான்.

மே மாதம் விலை இறங்கியது. நான் குறித்திருந்த விலைக்குக் கீழே போன மறுநாள் வேலைக்குப் போகாமல் பஸ் ஏறினேன். ஆபீசில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தவரைச் சுற்றிப் பத்துப் பேர்.

"சார், என்னோடத மொதல்ல போடுங்க."

"இருங்கண்ணே, எனக்கு ரெண்டு கைதான்."

நோட்டில் விற்க யாரிடமும் பேச வேண்டியிருக்கவில்லை. சுவரோரம் நின்றேன். அவரே நிமிர்ந்து, "உங்களுக்கு என்னங்க?" என்றார்.

"சும்மா பாக்க வந்தேன்" என்றேன்.

மூன்றரைக்கு மார்க்கெட் முடிந்தது.

"வித்தாச்சா?" என்றாள் வீட்டில் மனைவி.

"கூட்டமா இருந்துச்சு."

"பஸ்சுலகூடத்தான் கூட்டம். ஏறி வரலியா?"

மறுநாளும் போய்ச் சுவரோரம் நின்றுவிட்டு வந்தேன். விலை இன்னும் இறங்கியது. மூன்றாம் நாள் அவளும் வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "தம்பி, எங்களத வித்துக் குடுங்க" என்றாள்.

"என்ன வெலைக்கும்மா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். விலை திரையில் தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இப்ப என்ன வெலையோ அதுக்கு" என்றாள் அவள்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சீட்டில் நான் கையெழுத்துப் போட்டேன்.

படிப்புக் கட்டணத்துக்கு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மகளிடம் நீயே சொல்லிவிடு என்று மனைவியிடம் கேட்க, பஸ்சில் வழி நெடுக எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குள் போனதும் அவளே மகளிடம் சொன்னாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.