ஜெபக்கூடத்துக் கண்ணாடி

எங்கள் பள்ளியை நடத்தும் கத்தோலிக்கக் கன்னியர் மடம், ஒரு காலத்தில் வெள்ளைக்கார முத்து வியாபாரி கட்டிய கோட்டை. நான் நாசரேத்துக்காரி, புராட்டஸ்டன்ட் சர்ச்சில் பாட்டும் பிரசங்கமுமாக வளர்ந்தவள். ஆனாலும் சரித்திர டீச்சர் என்பதால், வருகிறவர்களுக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டும் வேலை என் தலையில் விழுந்தது.

வியாபாரி விருந்து வைத்து ஆட்டம் போட்ட கூடம்தான் இன்று ஜெபக்கூடம். பீடத்தருகே அவர் பதித்த பெரிய கண்ணாடியைப் பெயர்த்தால் சுவரும் கூடவே வந்துவிடும். அதனால் மடத்துத் தலைவியான மதர் அதைத் திரை போட்டு மூடிவிட்டார்.

"கண்ணாடி இருந்தா மனசு ஜெபத்துல நிக்காது டீச்சர். யாரு கேட்டாலும் அங்கன வெறும் சுவருன்னு சொல்லிருங்க."

அப்படியே சொல்லிவந்தேன். வெறும் சுவரை மூடிய திரைக்கு ஓரம் மட்டும் ஏன் இத்தனை கையழுக்கு என்று நல்லவேளை யாரும் கேட்கவில்லை.

போன வாரம் சிஸ்டர்கள் ஜெபத்தில் இருந்தபோது, வாசலில் நின்று விருந்தாளிகளிடம் "அது வெறும் சுவர்" என்றேன். கடலிலிருந்து கொண்டல் காற்று புகுந்து திரையைத் தூக்கியது. முழங்காலில் இருந்த அத்தனை பேரின் கையும் முக்காட்டைச் சரிசெய்யப் போனது. முதலில் போனது மதரின் கை.

அந்தக் கூடத்தில் கண்ணை இறுக மூடி ஜெபித்தவள் நான் ஒருத்திதான். சிரிப்பை அடக்க வேறு வழி தெரியவில்லை.