வெள்ளிக்கு வைத்த பொட்டு

“ஊதுங்க,” என்கிறார் தனலெட்சுமி அக்கா. கடை வாசலில் நிற்கும் அவருடைய கணவர் சண்முகராஜா அண்ணன் பணிவாக வாயைத் திறந்து ஊதுகிறார். அக்கா முகர்ந்து பார்க்கிறார். “பூண்டு. அங்கயே நில்லுங்க.” கண்ணாடிக்கு ரசம் பூசுகிற நாளில், பூண்டு வாசமோ முட்டை வாசமோ உள்ளவர் எவரும் பின்னறைக்குள் நுழைய முடியாது, தாலி கட்டியவர் உட்பட. அண்ணன் எதிரே இருக்கிற தேநீர்க் கடைக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். அவர் தலையைக் கண்டதுமே, “அக்கா இன்னைக்குக் கண்ணாடி போடுறாங்க போல,” என்று அங்கே சிரிப்பு கிளம்பிவிடும்.

ஹட்டன் கடைவீதியில் படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை அது. முன்பக்கம் சாமி படங்களோடும் கல்யாணப் படங்களோடும் அண்ணனுடையது. பின்னறை அக்காவுடையது. அங்கே வெறும் கண்ணாடியாகப் போவது முகம் காட்டும் கண்ணாடியாகத் திரும்பி வரும்.

அதைப் பார்க்க வேண்டுமே! வெள்ளி உப்பைக் கரைத்து, அமோனியா சேர்த்து, கடைசியில் சீனிக் கரைசலைக் கலந்து கண்ணாடிமேல் ஊற்றுகிறார். முதலில் தேநீர் நிறம். பிறகு கறுப்பு. இனி அவ்வளவுதான் என்று நாம் நினைக்கிற நேரத்தில், அந்தக் கறுப்புக்கு அடியிலிருந்து கூரையும் மின்குமிழும் அக்காவின் மூக்குத்தியும் எழுந்து வருகின்றன. எனக்கு ஒவ்வொரு முறையும் மயிர் கூச்செறிகிறது. அந்த வெள்ளியின் தடிமன் ஒரு தலைமயிரின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அணுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் சில நூறுதான் வரும். எண்ணி முடித்துவிடலாம் போல!

இவ்வளவு மெல்லியதற்கு எல்லாமே எதிரி. பூண்டு மூச்சில் இருக்கிற கந்தகம், மூடுபனி, டீசல் புகை, பட்டாசு, விரல். அரக்கும் அதன்மேல் சிவப்புப் பெயிண்டும் பூசிக் காயும்வரை அதைக் காற்றிடமிருந்து ஒளித்துவைக்க வேண்டும். அதற்காக அக்கா பழைய தேயிலைப் பெட்டிகளைப் பிரித்து, உள்ளே ஈயத்தாளோடு தன் உயரத்துக்கு ஒரு பெட்டி அடித்துவைத்திருக்கிறார். அடியில் ஈரம் குடிக்க, தேயிலைத் தொழிற்சாலை அடுப்பிலிருந்து சூட்டோடு வந்த தேயிலை ஒரு பை. “தேயிலையும் வெள்ளியும் ஒரே கொணந்தாங்க. காத்துப் பட்டா மொகம் கறுத்துரும்.”

போன வருடம், 1999 தீபாவளிக்கு முன், வட்டகொடையிலிருந்து கஜேந்திரன் வந்தார். கொழும்புச் சலூனில் பார்த்த வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே சொந்தச் சலூன் திறக்கிறார். திறப்பு தீபாவளிக்கு முதல் நாள். அன்றைக்குத் தோட்டமே முடி வெட்டிக்கொள்ளும். கண்ணாடி இல்லாமல் அந்த ஒரு நாளைக் கோட்டைவிட்டால் கூட்டம் தலவாக்கலைக்குப் போய்விடும், பிறகு பொங்கல்வரை கத்தரிக்கோலைச் சும்மா ஆட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆள் உயரக் கண்ணாடி வேண்டும் என்றார்.

வேலை நடந்த அன்று கஜேந்திரன் விரதத்தோடு கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்தார். அக்கா ஊதச் சொன்னார். வெறும் வயிறு, ஒரு வாசமும் இல்லை, உள்ளே விட்டார். வாயைச் சோதித்தவர் விரலைச் சோதிக்கவில்லை. வெள்ளி ஏறிய கண்ணாடி அறை நடுவே ஒரு மரத்தாங்கியில் நின்று காய்ந்துகொண்டிருந்தது. அரக்கு எடுக்க அக்கா முன்பக்கம் போன நேரத்தில் கஜேந்திரன், புதுப் பொருள் எதற்கும் நம் ஆட்கள் செய்வதைச் செய்துவிட்டார். பின்புறத்து வெள்ளியில், கோயிலில் வாங்கிவந்த சந்தனத்தால் பக்தியோடு மூன்று பொட்டு. விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளி உரிந்து வந்துவிட்டது.

அக்கா திரும்பி வந்து கண்ணாடியின் முன்னால் நின்று பார்த்தார். மூன்று வட்ட ஓட்டைகள். அவற்றில் ஒன்றின் வழியாக, பின்னால் நின்ற கஜேந்திரனின் கலங்கிய கண் தெரிந்தது. பிறகு அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“தம்பி, ஒங்க மொகம் இதுல நல்லாத்தான் தெரியுது. ஆனா நீங்க அந்தப் பக்கம் நிக்கணுமே.”

சிரித்தாரே தவிர, போத்தலில் இருந்த வெள்ளி உப்பு இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் காணும். கொழும்பிலிருந்து அடுத்தது தீபாவளி கழிந்துதான் வரும். இருந்த வெள்ளியையும் துடைத்தெடுத்துவிட்டு மறுபடி தொடங்கினார். பனி இறங்கிக் கண்ணாடி குளிர்ந்துபோக, வெள்ளி வர மறுத்தது. அண்ணன் எதிர்க்கடையிலிருந்து கேத்தல் கேத்தலாகச் சுடுதண்ணீர் கொண்டுவந்து வாசலில் வைத்தார். (உள்ளே வர இன்னும் அனுமதி இல்லை.) அந்தச் சூட்டில் ஒருவழியாகக் கூரை தெரிந்தது, மூக்குத்தி தெரிந்தது. கஜேந்திரன் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு நின்றார்.

ஈரக் காற்றில் பெயிண்ட் முழுதாகக் காயவில்லை. காற்றுப் படாமல் இருக்க, அக்கா அந்தப் பிசுபிசுப்பின்மேலேயே ஈயத்தாளை விரித்து அழுத்தினார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. திறப்பு நாள் காலையில் அக்காவும் கஜேந்திரனும் பெட்டியோடு வட்டகொடைக்கு ரயில் ஏறினார்கள். சிங்கமலைச் சுரங்கம் வருமுன்பே அக்கா ரயில்பெட்டி முழுவதும் நடந்து, புகை வரும் என்று ஒவ்வொரு ஜன்னலையும் மூடவைத்தார். எதிரே இருந்த மீனம்மா என்கிற கொழுந்து பறிக்கும் அம்மா, பொறுக்க மாட்டாமல் கேட்டார்:

“ஏம்மா, பொட்டிக்குள்ள புள்ளையா இருக்கு?”

“ஆமாங்கம்மா. நேத்துத்தான் பொறந்திச்சு.”

சலூனில் கண்ணாடியைச் சுவரில் ஏற்றியதும் முடி வெட்டக் காத்திருந்த வரிசை மொத்தமும் எட்டிப் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டது. அக்கா மட்டும் தன் முகத்தைப் பார்க்கவில்லை. எந்தக் கண்ணாடியிலும் பார்க்கமாட்டார். விளிம்பைத்தான் பார்ப்பார், நாலு பக்கமும் நகத்தால் தடவி. கறுப்பு இல்லை, புள்ளி இல்லை.

கஜேந்திரன் சந்தனக் கிண்ணத்தை எடுத்துவிட்டு, பொட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கிண்ணத்தைப் பிடித்தபடியே நின்றார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்கா அவர் தோளை அழுத்திப் புது நாற்காலியில் உட்காரவைத்தார். கிண்ணத்தில் விரலைத் தோய்த்தார்.

“அசையாம நேராப் பாருங்க தம்பி.”

கண்ணாடியை நோக்கி விரலை நீட்டினார்.

“கொஞ்சம் எறக்குங்கக்கா,” என்றார் கஜேந்திரன். “இந்தப் பக்கம்… ஆ, அதுதான்.”

கண்ணாடிக்குள் இருந்த கஜேந்திரனின் நெற்றிக்கு நடுவே, முன்பக்கத்தில், அக்கா பொட்டு வைத்தார்.