அக்காவின் கைக்கு ஏற்ற ஆயில்

எங்கள் அக்கா ரத்தம் சுமக்கிறவள். என்ன வேலை என்று யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வாள். கேட்டவர் ஒரு கணம் திகைப்பதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு குஷி. பிறகுதான் விளக்குவாள். நகரத்தைச் சுற்றியிருக்கும் சின்ன கிளினிக்குகளில் காலையில் எடுத்து வைக்கும் ரத்தத்தையும் சிறுநீரையும் ஐஸ் வைத்த பெட்டியில் வாங்கி, மோட்டார்சைக்கிளின் பின்னால் கட்டி, பரிசோதனைக்கூடத்தில் சேர்க்க வேண்டும். மத்தியானம் மறுபடி ஒரு சுற்று. கிளினிக் நர்ஸுகள் அவளைத் 'தடதடக்கா' என்பார்கள். ஆள் வந்து நிற்பதற்கு முன் வண்டிச் சத்தம் வந்துவிடும்.

எங்கள் வீட்டில் முதல்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். இதை நான் யாரிடமும் சொல்லத் தயங்கியதில்லை. வேதியியலில் பட்டம், பெயிண்ட் கம்பெனியில் சோதனை அறை வேலை. ஆனால் நகரத்தில் எனக்கு முன்னால் வந்து இடம் பிடித்தவள் அக்கா. நான் பரீட்சைக்குப் போனதெல்லாம் அந்த வண்டியின் பின்சீட்டில்தான்.

அந்த அக்கா வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். "இத்தனை வருஷம் ரோட்டுல ஒரு கீறல் இல்ல, சோப்புத் தண்ணி கவுத்திருச்சு பாரு" என்று கட்டோடு சிரித்தாள். கட்டுப் பிரித்தபோது சிரிப்பு குறைந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது, பிடி திரும்பவில்லை. துணி பிழியச் சொன்னால் பாதிதான் பிழிய வந்தது.

இடது கைதான் கிளட்ச் பிடிக்கிற கை.

பரிசோதனைக்கூடத்து மேலாளர் அம்மா கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. "வரவேற்பு மேசையில உட்கார்ந்து டியூபுக்கு ஸ்டிக்கர் ஒட்டுங்க, ஏன் கஷ்டப்படணும்?" என்று போனில் கேட்டார். கை முழுசாகச் சரியாகிவிட்டதாக அக்கா பதில் சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். போனை வைத்ததும் என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடா முறைக்கிற?"

"உட்கார்ந்த இடத்து வேலைதானேக்கா. வெயில் இல்ல, மழை இல்ல."

"ஒரு கிளினிக்குல இருந்து அடுத்த கிளினிக் போற வரைக்கும் இருக்கே, அந்த நேரம் என்னுதுடா. வீட்டுல மாமாவுக்கு, பிள்ளைங்களுக்கு. லேப்ல அந்த அம்மாவுக்கு. ரோட்டுல மட்டும்தான் நான் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்ல. அதையும் குடுத்துட்டு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்றியா?"



வேலைக்குத் திரும்ப நான்கைந்து நாள் இருக்கும்போது தெருவில் வண்டியை ஓட்டிப் பார்த்தாள். கிளட்ச் நெம்புகோலை இழுக்க முடிந்தது. பிடித்துக்கொண்டே நிற்கத்தான் முடியவில்லை. சிக்னலில் நியூட்ரலுக்குத் தட்டிவிட்டால் கையை எடுத்துவிடலாம். ஆனால் வண்டி நியூட்ரலுக்கு வர மறுத்தது. கிளட்சை முழுசாகப் பிடித்தாலும் முன்னால் இழுத்தது. முதல் கியர், இரண்டாம் கியர், மறுபடி முதல் என்று கால் தட்டிக்கொண்டே இருக்க, விரல்கள் நடுங்கத் தொடங்கின.

தெருமுனை மெக்கானிக்கிடம் போனோம். அக்கா படுத்திருந்தபோது வண்டியைக் கழுவி ஆயில் மாற்றி வைத்தவர் அவர்தான்.

"செயின் கேஸுல நல்ல கெட்டி ஆயிலா ஊத்தியிருக்கேன் தங்கச்சி. வயசான செயினு. பாரு, எப்படிச் சத்தமில்லாம ஓடுது!"

"ஓடுது அண்ணே, நிக்கத்தான் மாட்டேங்குது."

இந்த இடத்தை மோட்டார்சைக்கிள் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என்ஜினின் சுழற்சியைக் கிளட்சுக்குக் கொண்டுபோவது ஒரு சங்கிலி. இந்தப் பழைய வண்டியில் அது இடது பக்கத்து மூடிக்குள் இருக்கிறது. கிளட்ச் தட்டுகளும் அதே மூடிக்குள், அதே ஆயிலில் ஊறிக் கிடக்கின்றன. என்ஜினுக்கு ஊற்றும் ஆயில் வேறு, இது வேறு. சங்கிலி கேட்பது கெட்டியான ஆயில். தட்டுகளுக்கோ இரண்டு குணம் வேண்டும். கையை விட்டால் ஒன்றையொன்று இறுகப் பற்ற வேண்டும், பிடித்தால் சட்டென்று விலக வேண்டும். கெட்டி ஆயிலில் அவை ஈரமான கண்ணாடித் துண்டுகள் மாதிரி ஒட்டிக்கொண்டு விலக மாட்டேன் என்கின்றன. விடியற்காலைக் குளிரில் இன்னும் மோசம். அக்கா கிளம்புவது விடியற்காலையில்தான்.

அன்று மாலை மாமா ஒரு பளபளப்பான டப்பாவோடு வந்தார். அக்காவின் கணவர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். வண்டி விஷயத்தில் வீட்டில் தன் வார்த்தைதான் முடிவு என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

"பெரிய பெரிய காருக்கு ஊத்துறது இது. தண்ணி மாதிரி வழுக்கும். இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

டப்பாவின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை நான் படித்தேன். எண்ணெயில் ஊறும் கிளட்சுக்கு ஏற்றது என்ற குறியீடு எங்கேயும் இல்லை. "மாமா, இதுல வழுக்குறதுக்குன்னே மருந்து சேர்த்திருக்கான். தட்டு ஒண்ணையொண்ணு பிடிக்காது. மேட்டுல என்ஜின் கத்தும், வண்டி நகராது."

"பட்டதாரி சொல்லிட்டாரு, அப்பீல் ஏது!" என்றார் மாமா. டப்பாவை எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. சோதனையில் தன் ஆயிலும் இருக்கட்டுமாம்.

சோதனை என்று நான்தான் பேச்செடுத்தேன். பெயிண்ட் எவ்வளவு வேகமாக வடிகிறது என்று தினமும் பார்க்கிறவன் நான். ஒரே அளவுக் குழாய்களில் ஒவ்வொரு ஆயிலையும் நிரப்பிக் குளிரவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன இரும்புக் குண்டைப் போட்டால் எது சீக்கிரம் அடியைத் தொடுகிறதோ அது மெல்லியது. அக்காவுக்குப் பிடித்துவிட்டது. குழாய்க்கா பஞ்சம்? நர்ஸுகள் கொடுத்த புது டியூபுகள் மேசை டிராயரில் கிடந்தன. மெக்கானிக்கின் கெட்டி ஆயில் ஒன்றில், மாமாவின் கார் ஆயில் ஒன்றில், கிளட்ச் குறியீடு போட்ட மெல்லிய மோட்டார்சைக்கிள் ஆயில் ஒன்றில். நாலாவது சிவப்பு ஆயில். தானாகக் கியர் மாறும் கார்களுக்கு ஊற்றுவது. பழைய வண்டிக்காரர்கள் சிலர் இதைத்தான் ஊற்றுகிறார்கள் என்று உதிரிபாகக் கடைக்காரர் கொஞ்சம் கொடுத்தனுப்பியிருந்தார்.

குளிரவைக்க அக்காவின் மாதிரிப் பெட்டியை விட நல்ல இடம் எது? ஐஸ் கட்டிகளுக்கு நடுவே நாலு டியூபையும் நட்டு வைத்தோம். காலையில் இரும்புக் குண்டு போட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு.

காலையில் நாங்கள் எழுவதற்குள் பெட்டியைக் காணோம். அக்காவுக்குப் பதிலாகச் சுற்றுக்குப் போய்க்கொண்டிருந்த பையனின் பெட்டி மூடி உடைந்துவிட்டதாம். வாசலில் வந்து கேட்டிருக்கிறான். மாமா பெருந்தன்மையாக எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"உள்ள ஆயில் இருக்குன்னு தெரியாதா உங்களுக்கு?"

"நீங்க ஆராய்ச்சி பண்றீங்கன்னு தெரியும். அதை ஐஸ்பெட்டியில பண்றீங்கன்னு எனக்கு யார் சொன்னா?"

அக்கா பரிசோதனைக்கூடத்துக்கு ஓடிப் போவதற்குள் காரியம் முடிந்திருந்தது. நாலு டியூபுக்கும் 'பெயர் இல்லை' என்று ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது. மஞ்சளாக இருந்த கார் ஆயிலையும் மோட்டார்சைக்கிள் ஆயிலையும் சிறுநீர் வரிசையில் வைத்திருந்தார்கள். மெக்கானிக்கின் ஆயிலை என்னவென்று சொல்லத் தெரியாமல் தனியாக ஓரம் கட்டியிருந்தார்கள். சிவப்பு டியூப் ரத்தம் பிரிக்கிற எந்திரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சோதனைக்காரப் பெண் அதை இரண்டாவது முறையாக வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"யாரோ பாவம், டாக்டர். எவ்வளவு சுத்தினாலும் இந்த ரத்தம் பிரியவே மாட்டேங்குது."

டாக்டர் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இந்த நோயாளியை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்க" என்றாராம்.

அறையே சிரித்தது. மேலாளர் அம்மா சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததும் சரிதான். மாதிரிப் பெட்டியில் வேறு எதுவும் வைக்கக் கூடாது. ஒரு சொட்டு சிந்தியிருந்தால் அன்று காலை எடுத்த அத்தனை பேர் ரத்தமும் வீண்.

"எதுக்கு இது?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா ஏதாவது கதை சொல்லியிருக்கலாம். தம்பியின் ஆராய்ச்சி என்று என் தலையில் போட்டிருக்கலாம், நானும் தலையாட்டியிருப்பேன். அவள் இடது கையை மேசைமேல் நீட்டி விரல்களை மடக்கிக் காட்டினாள். பாதியில் நின்றது.

"பிடிச்சு நிக்க முடியல மேடம். சரியாயிடுச்சுன்னு போன்ல பொய் சொன்னேன். கைக்குத் தக்க ஆயில் கிடைச்சா ஓட்டிடலாம்னு பார்த்தேன்."

மேலாளர் அம்மா ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். "நம்ம வண்டி நிறுத்துற சரிவு இருக்கே, அதுல பெட்டியோட ஏறி நடுவுல நிறுத்துங்க. கையை எடுங்க. மறுபடி கிளப்புங்க. முடிஞ்சா ரோடு. முடியலைன்னா மேசை. நாளைக்குக் காலையில."

டியூபுகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் சொந்த ஐஸில் குளிரவைத்து, குண்டு போட்டுப் பார்த்தோம். கெட்டி ஆயிலில் குண்டு மாட்டுவண்டி மாதிரி இறங்கியது. சிவப்பில் போட்டதும் அடியில் கிடந்தது. மெல்லிய மோட்டார்சைக்கிள் ஆயில் அதற்குக் கொஞ்சம் பின்னால்.

"சிவப்புதானே ஜெயிச்சது?" என்றார் மாமா. தன் கார் ஆயில் தோற்ற வருத்தம் குரலில் இருந்தது.

அக்கா உடனே தலையாட்டவில்லை. வண்டியின் அடியில் கையை விட்டு மூடியின் ஓரத்தைத் தடவி, விரலைப் பார்த்தாள். "இது பழசு. எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும். பின்னால ரத்தப்பெட்டி, கீழே சொட்டுச் சொட்டா சிவப்பு. கிளினிக் வாசல்ல நிறுத்தினா கூட்டம் கூடிடும். இந்த மஞ்சள் பைக் ஆயிலே போதும்."

"செயின் சத்தம் போடுமேக்கா" என்றேன். சங்கிலிக்குக் கெட்டியானதே சுகம் என்று மெக்கானிக் சொன்னதில் தப்பில்லை. மெல்லிய ஆயிலில் அது சீக்கிரம் தேயலாம்.

"தேஞ்சா வேற செயின் போட்டுக்கலாம்டா. இந்தக் கைக்கு எந்தக் கடையில பார்ட்ஸ் கிடைக்குது?"

பழைய ஆயிலை அடியிலிருந்து வடித்தோம். கூழ் மாதிரி இறங்கியது. நான் வண்டியை நேராக நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, மாமா புனலில் ஊற்றினார். அளவு பார்க்கிற திருகை அக்கா கழற்றி வைத்திருந்தாள். அந்த ஓட்டை வழியாக மிச்ச ஆயில் வழிந்து, சொட்டு நின்ற பிறகு மூடினாள். கொஞ்சம் கூட இருந்தால் நல்லது என்று மாமா இழுத்தார். "கூட இருந்தா தட்டு முங்கிக் கிடக்கும், பிரியாது. நீங்க சாப்பாடு போடுற மாதிரி ஊத்தாதீங்க" என்றாள்.

மறுநாள் காலை சரிவின் மேல்முனையில் மேலாளர் அம்மா நின்றார். சோதனைக்காரப் பெண்ணும், அக்காவுக்கு மாற்றாகச் சுற்றுக்குப் போகும் பையனும் ஜன்னலில். அக்கா கீழிருந்து வந்தாள். மூடிக்குள் சங்கிலி கரகரவென்று அரைத்தது, எனக்கே கூச்சமாக இருந்தது. நடுச்சரிவில் நிறுத்தினாள். வலது கால் பிரேக்கில், இடது கால் விரல் கியரை ஒரு தட்டு. வண்டியில் நியூட்ரலைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது. இடது காலைத் தரையில் ஊன்றி, கையை நெம்புகோலிலிருந்து எடுத்துத் தொடையில் வைத்தாள். பிறகு கிளட்சைப் பிடித்தாள், கியர் போட்டாள், வண்டி பின்வாங்காமல் ஏறியது.

மேலாளர் அம்மா அருகில் வந்தார். "சரி. காலைச் சுற்று, மத்தியானச் சுற்று ரெண்டும் உங்களுதுதான். பழையபடி."

அக்கா சரி என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அந்த ஒரு வார்த்தைக்குத்தானே இவ்வளவும். அவள் என்ஜினை அணைத்துவிட்டு, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"காலைச் சுற்று எனக்குக் குடுங்க மேடம். மத்தியானம் வேணாம். ரோடு நெரிசல், கை சோர்ந்துடும். ஆயில் எவ்வளவு நல்லதா இருந்தாலும் அதால கைக்குப் பலம் குடுக்க முடியாதில்ல."

"அப்ப மத்தியானம்?"

"ஸ்டிக்கர் ஒட்டுறேன்."

சொல்லும்போது முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. மாற்றுப் பையன் ஜன்னலிலிருந்து, "மத்தியானச் சுற்று எனக்கா? அப்ப அந்த வண்டியையும் குடுப்பீங்களாக்கா?" என்று கத்தினான்.

"வண்டியைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்" என்றாள் அக்கா. பெட்டியின் வாரை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டு, முதல் கிளினிக்கை நோக்கிக் கிளம்பினாள். தெரு திரும்பும் வரை அந்தக் கரகரப்பு கேட்டுக்கொண்டிருந்தது. அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.