ஹெல்மெட்டைக் கழற்றிய காலை

அண்ணனின் தலை என் கையிலிருந்து நழுவி, தரையில் விரித்திருந்த பாயில் மோதிய சத்தம் அப்படியொன்றும் பெரியதல்ல. நியூ டவுனில் எங்கள் அலுவலக கேன்டீனில், பைக்கிலும் ஸ்கூட்டரிலும் வருகிறவர்களுக்கு முதலுதவிப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. விழுந்தவர் நன்றாக மூச்சுவிட்டால் ஹெல்மெட்டைத் தொடவே கூடாது, மூச்சு அடைத்தால் மட்டும் இரண்டு பேர் சேர்ந்து கழற்ற வேண்டும் என்று ஒரு நர்ஸ் விளக்கினார். அடிபட்டவராகப் படுத்திருந்தவர் எங்கள் டீம் லீட். நெல்லைக்காரர். அலுவலகத்தில் தமிழ் பேச எனக்கிருந்த ஒரே ஆள் என்பதால், சேர்ந்த வாரமே எனக்கு அண்ணனாகிவிட்டவர். நர்ஸ் ஹெல்மெட்டை உருவும்போது நான் தாடையையும் பின்கழுத்தையும் தாங்கிக்கொள்ள வேண்டும். ஹெல்மெட் வெளியே வந்ததும் தலையின் கனம் மொத்தமும் கையில் இறங்கியது. விட்டுவிட்டேன்.

"மேரே ஃபெல்லேன் தோ!" என்றார் நர்ஸ். வங்காளத்தில், கொன்றுவிட்டீர்களே என்று அர்த்தம். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் கண்ணைத் திறக்காமலே, "எங்க வீட்டுக்குத் தகவல் சொல்லிருங்கப்பா" என்றார். நானும் சிரித்தேன். மறுபடி செய்து பார்க்கக் கூப்பிட்டபோது மட்டும், மீட்டிங் இருக்கிறது என்று நழுவிவிட்டேன்.

ஆறேழு வாரம் கழித்து, மழை விட்டிருந்த ஒரு காலை. அலுவலகத்துக்குப் போகும் பெரிய சாலையில் அண்ணன் பைக்கில் முன்னால் போக, நான் ஸ்கூட்டரில் பின்னால் வந்துகொண்டிருந்தேன். ஒரு வாடகைக் கார் சட்டென்று நின்றது. அண்ணன் பிரேக் பிடித்தார். ஈரத்தில் பைக் சறுக்க, தோள் தரையில் இடிபட, அவர் வெகுதூரம் இழுபட்டுப் போனார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை: ஸ்கூட்டரை நிறுத்திய பிறகும் நான் இறங்கவில்லை. ஆட்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நான் ஓரமாக நின்றால் போதும் என்றுதான் மனம் சொன்னது. "ஜொல் தாவ், ஜொல் தாவ்" என்று யாரோ தண்ணீர் கேட்டார். ஒருவர் குனிந்து, மண்பானையைத் தூக்குவதுபோல ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பற்றினார். அப்போதுதான் கத்தினேன். "தோர்பேன் நா! தொடாதீங்க!" வங்காளமும் தமிழும் கலந்து வந்தது.

இறங்கி ஓடி, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தேன். வாயில் ரத்தமும் வாந்தியும். ஒவ்வொரு மூச்சும் தண்ணீருக்குள் ஊதுவதுபோல் கொளகொளத்தது. கழற்றினால் கழுத்து என்னாகும்? கழற்றாவிட்டால் இந்த மூச்சு இன்னும் எத்தனை நேரம்? சாலையோரம் டீக்கடை வைத்திருந்த பௌதி என் எதிரே முழங்காலிட்டார். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் பௌதிதான், அண்ணிதான். "கீ கோர்போ, போலோ" என்றார். நான் என்ன செய்யணும், சொல்லு.

சொன்னேன். வாரை அவிழ்க்கச் சொன்னேன். பக்கங்களை விரித்து, மூக்கில் இடிக்காமல் மெல்ல உருவச் சொன்னேன். அவர் கை நிதானமாக இருந்தது. ஹெல்மெட் வந்தது, கனம் என் கையில் இறங்கியது. இம்முறை விடவில்லை. தலையும் உடம்பும் ஒன்றாகத் திரும்பும்படி இன்னும் இருவர் பிடிக்க, பக்கவாட்டில் சாய்த்தோம். வாயிலிருந்தது வழிந்து வெளியேறியதும் மூச்சு சீரானது. ஆம்புலன்ஸ் வரும்வரை என் விரல்களை அந்தக் கழுத்திலிருந்து எடுக்கவே இல்லை.

பயம் அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு நினைவு திரும்பியபோது வலது கை அசையவில்லை. கழுத்து எலும்பு முறிந்தால் கைகால் விழுந்துவிடும் என்று பயிற்சியில் அந்த நர்ஸ் சொல்லியிருந்தார். என் கைதான் ஆடியிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன். மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. வார்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பினேன். நான்காம் நாள் டாக்டரை வராந்தாவில் மறித்து, "ஹெல்மெட்டைக் கழற்றினது நான்தான் சார்" என்று, குற்றத்தை ஒப்புக்கொள்பவளைப்போலச் சொன்னேன். கழுத்தில் ஒன்றுமில்லை, விழுந்த வேகத்தில் தோளில் நரம்பு இழுபட்டிருக்கிறது, கழற்றியிருக்காவிட்டால் மூச்சு முட்டியே போயிருப்பார் என்றார். அங்கிருந்து நேராக வார்டுக்குள் போனேன்.

இப்போது அண்ணன் பஸ்ஸில்தான் வருகிறார். வலது கை பாதி திரும்பியிருக்கிறது. டம்ளரைப் பிடிக்கும், தூக்காது. இடது கையால் டைப் அடிக்கப் பழகிவிட்டார். நான் இன்னமும் ஸ்கூட்டரில்தான் வருகிறேன், முன்னைவிட மெதுவாக. முன்னால் போகும் பைக் சற்றுத் தடுமாறினாலும் கை பிரேக்குக்குப் போய்விடுகிறது.

போன வாரம் டீ குடிக்கும்போது அண்ணன் திடீரென்று கேட்டார்: "அன்னைக்கு நீ பயப்படவே இல்லைன்னு பௌதி எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காங்க. நெசமா?"

"ஆமாண்ணே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. இடது கையால் தன் தாடையைத் தொட்டுக் காட்டினார்.

"கார் நின்னது, விழுந்தது, எதுவுமே எனக்கு ஞாபகம் இல்லை. இங்க ரெண்டு கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. அது மட்டும் ஞாபகம் இருக்கு."